பூங்காவனத்துக்குள் குடியிருந்தவர்கள்

பூங்காவனத்தின் நுரையீரலுக்குள் குடியிருந்தவர்கள் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழரை மணிக்கு, அவள் அனல்மின் நிலையத்து அதிகாரி திருவேங்கடத்தின் வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது, ஒரே ஒரு இருமலில் வெளியே வந்து, இஸ்திரி வண்டியின் விளிம்பில் வரிசையாக உட்கார்ந்து, வெளிச்சம் கூசியதாலோ என்னவோ கொஞ்ச நேரம் அசையாமல் இருந்துவிட்டு, பிறகு சட்டையின் காலர்மேல் ஏறி அங்கே படிந்திருந்த சாம்பலைத் தின்ன ஆரம்பித்தார்கள். ஒவ்வொருவரும் ஊறவைத்த ஜவ்வரிசி அளவுதான் இருந்தார்கள். முகம் என்று ஒன்று கிடையாது, ஆனால் கைக்குப் பஞ்சமில்லை; எந்தப் பக்கம் எட்ட வேண்டுமோ அந்தப் பக்கம் ஒரு கை முளைக்கும், வேலை முடிந்ததும் உள்ளே போய்விடும். பூங்காவனம் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிக் கல்மேல் வைத்துவிட்டு, இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு, அவர்கள் காலரை முடித்துக் கைப்பட்டிக்குப் போவதைப் பார்த்தாள். இருபத்திரண்டு வருஷத்தில் அவள் கையை விட்டு அவ்வளவு வெள்ளையாக ஒரு சட்டை போனதே இல்லை.

"வந்தது வந்தீங்க, அந்தப் பாக்கெட்டுக்குள்ளயும் பாத்துடுங்க" என்றாள்.

ஆலாக்குப்பத்தில் நாற்பத்துமூன்று வீடுகள், ஒரே தெரு, கிழக்கே கடல், மேற்கே அனல்மின் நிலையத்தின் மூன்று புகைபோக்கிகள். பகலில் கடல்காற்று சாம்பலை மேற்கே தள்ளிக்கொண்டு போய் யார் தலையிலாவது கொட்டும். விடிந்து கொஞ்ச நேரம் நிலக்காற்று வீசும்போது அத்தனையும் ஆலாக்குப்பத்துக்குத்தான். காயப்போட்ட மீன்மேல் விழும், கொதிக்கிற குழம்பில் விழும், தாலி கட்டுகிற நேரத்தில் மாப்பிள்ளை தலையில் விழுந்து அவரை மாமனாராக்கிக் காட்டும். அதனால் அந்தத் தெருவுக்கு ஒரு முறை இருந்தது. நீளக் கழி கட்டிய ஒரு ஈர்க்குச்சித் துடைப்பம். எந்த வீட்டு வாசல் ஆணியில் அது தொங்குகிறதோ அன்றைக்கு அந்த வீட்டார் தண்ணீர் தெளித்துத் தெரு முழுவதையும் பெருக்கி, கோடியில் உள்ள குழியில் கொட்டிவிட்டு, தங்கள் கையாலேயே கொண்டுபோய் அடுத்த வீட்டு ஆணியில் மாட்டிவிட வேண்டும். பெருக்காமல் மாட்டக்கூடாது, மாட்டியதை மறுக்கக்கூடாது. வாசலில் துடைப்பத்தைத் தொங்கவிட்டால் மற்ற ஊரில் வெட்டுக்குத்து நடக்கும். ஆலாக்குப்பத்தில் அது இருபத்திரண்டு வருஷமாக ஒரு நாளும் தவறாத மரியாதை. கழுத்தில் மாலையோடு பெருக்கிய மணப்பெண் உண்டு, சாவு எடுத்த அன்று சாயங்காலம் பெருக்கிய வீடும் உண்டு.

பூங்காவனத்தின் நெஞ்சிலிருந்து இறங்கியவர்களைப் பார்த்து அந்தத் தெருவில் யாரும் வாயைப் பிளக்கவில்லை. வானத்திலிருந்து சாம்பல் விழுவதை அத்தனை வருஷம் பார்த்தவர்களுக்கு, நெஞ்சிலிருந்து சிலபேர் இறங்கி வந்து அதைத் தின்பது பெரிய விஷயமாகப் படவில்லை. வெள்ளையாக இருந்ததால் வெள்ளச்சிங்க என்று பேர் வைத்தார்கள். வந்தவர்களைப் பட்டினி போடக்கூடாதே என்று பொங்கல் வைத்தார்கள், வடை வைத்தார்கள், நெத்திலிக் குழம்பு ஊற்றி வைத்தார்கள். வெள்ளச்சிகள் ஒவ்வொன்றையும் ஒரு கையால் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்களே தவிர வாயில் வைக்கவில்லை. பக்கத்து வீட்டு எல்லம்மா நகம் வெட்டிப்போட்ட இடத்தில் கூட்டமாக வந்து தின்றார்கள். அப்போதுதான் தெரிந்தது, செத்ததும் உதிர்ந்ததும் வேண்டாததும்தான் அவர்களுக்குச் சாப்பாடு, உயிருள்ளதை அவர்கள் தொடவே மாட்டார்கள் என்று. எல்லம்மா வடையை எடுத்துத் தானே தின்றுவிட்டாள்.

முதல் நாள் நூறு பேர் இருந்திருப்பார்கள். அடுத்தடுத்த நாட்களில் பூங்காவனத்தின் வியர்வையில் சிலபேர் இறங்கினார்கள், மூக்கைச் சிந்தியபோது சிலபேர் இறங்கினார்கள், எலும்புக்குள் இருந்தவர்கள்கூட எந்த வழியாகவோ வந்து சேர்ந்தார்கள். தெருவில் விழுந்த சாம்பலைத் தின்றார்கள், வேப்பமரத்தின் இலை இலையாக ஏறித் துடைத்தார்கள், சொறிபிடித்துக் கிடந்த நாயின் முதுகில் செத்த தோலை மட்டும் தின்று புதுத் தோலுக்கு இடம் விட்டார்கள், ரேஷன் கடைச் சுவரில் உப்பு அரித்த காரையைத் தின்று உள்ளே நல்ல செங்கல் தெரிந்ததும் நிறுத்திக்கொண்டார்கள். மீனவர் சங்கக் கட்டடத்தில் ஒன்பது வருஷமாக நின்றுபோயிருந்த சுவர்க் கடிகாரத்துக்குள் பதினோரு பேர் போய், பல்சக்கரத்துக்குப் பல்சக்கரம் கைகோத்து நின்று, ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்கு ஏதோ ஒன்றைத் தட்டித் தட்டி அனுப்பினார்கள், கடிகாரம் ஓட ஆரம்பித்தது. ஊரே கூடிப் பார்த்தது. துணை சுகாதார நிலையத்து நர்ஸ் ரெஜினா மட்டும் கடிகாரத்தைப் பார்க்காமல் பூங்காவனத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அந்த வெள்ளிக்கிழமை பூங்காவனத்தின் வீட்டு முறை வந்தது. அவள் பழக்கதோஷத்தில் வாளியும் துடைப்பமுமாகத் தெருவில் இறங்கினாள். பெருக்க ஒன்றுமே இல்லை. தண்ணீரை வேப்பமரத்துக்கு ஊற்றிவிட்டு, துடைப்பத்தை அடுத்த வீட்டில் மாட்டப் போனாள்.

எல்லம்மா வாசலுக்கு வந்தாள். "இன்னாத்தக்கா பெருக்குன நீ? உன் ஆளுங்கதான பெருக்கிகினு கீறாங்க? முறை உன் வூட்டுதாவே இருந்துட்டுப் போவட்டும், எடுத்துகினு போ."

தெருவே சிரித்தது. பூங்காவனமும் சிரித்தாள். தன் உடம்பிலிருந்து வந்தவர்களால் ஒரு தெருவே முந்தானையை மூக்கில் பொத்தாமல் நடக்கிறது என்பதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது. துடைப்பத்தைக் கொண்டுவந்து தன் வீட்டு ஆணியிலேயே மாட்டினாள். தெருவின் தப்பு அன்றைக்குத்தான் ஆரம்பித்தது, அதைச் சிரித்துக்கொண்டே செய்தார்கள்.

இரண்டு வாரம் கழித்துத் திருவேங்கடம் ஜீப்பில் வந்தார். அவருக்கு நிலையத்தில் சுற்றுச்சூழல் அதிகாரி என்று பதவி; நிலையத்தின் சாம்பலால் யாருக்கும் ஒன்றும் ஆகாது என்று வருஷத்துக்கு நாலுமுறை எழுதிக்கொடுப்பது அவர் வேலை. நல்ல மனுஷர்தான், பூங்காவனத்தைப் பார்த்தால் சட்டை பிரமாதம் என்று ஒரு வார்த்தை சொல்லாமல் போகமாட்டார். ஒரு வெள்ளைக் கைக்குட்டையை எடுத்துத் தெருவில் தேய்த்துப் பார்த்தார், வெள்ளையாகவே இருந்தது. வேப்பமரத்தில் தேய்த்தார், பச்சைதான் ஒட்டியது. போட்டோ எடுத்தார். மறுநாள் தெருமுனையில் 'சாம்பல் இல்லா ஊர் ஆலாக்குப்பம்' என்று ஒரு பலகை முளைத்தது. அடுத்த நாள், புகைபோக்கிகளில் இருந்த வடிகட்டிகளைப் பழுது பார்க்க என்று கழற்றி லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஊர்தான் சுத்தமாக இருக்கிறதே, அப்புறம் வடிகட்டி எதற்கு. அதற்கடுத்த வாரம், பத்து வருஷமாகக் கட்டி முடித்துத் திறக்காமல் வைத்திருந்த நாலாவது புகைபோக்கியைத் தேங்காய் உடைத்துத் திறந்தார்கள்.

அதற்குப் பிறகு விழுந்ததைச் சாம்பல் என்று சொல்ல முடியாது, வானமே இடிந்து மாவாகக் கொட்டியது. வெள்ளச்சிகள் தின்றார்கள். தின்னத் தின்னச் சாம்பல் நிறமானார்கள், பிறகு கரியானார்கள், பட்டாணி அளவுக்கு உப்பி உருள முடியாமல் உருண்டார்கள், ஆனாலும் நிறுத்தவில்லை. வேலை இருக்கிற இடத்தை விட்டுப் போக அவர்களுக்குத் தெரியாது. ஆள் போதாமல் பூங்காவனத்தின் உடம்புக்குள் மிச்சமிருந்தவர்களும் ஒவ்வொருவராக இறங்கினார்கள். இதயத்துக்குள் இருந்தவர்கள்தான் கடைசி. ஒரு காலை சாம்பல் பட்டுக் கண்ணில் நீர் வழிந்தபோது அந்த நீரோடு அவர்கள் கன்னத்தில் இறங்கியதை அவள் உணர்ந்தாள். உள்ளே யாரோ வீட்டைப் பூட்டிக்கொண்டு போன மாதிரி இருந்தது.

இஸ்திரிப் பெட்டி பட்டு முழங்கையில் ஒரு சூடு வாங்கியிருந்தாள். இஸ்திரிக்காரிக்குச் சூடு ஒரு பொருட்டா, நாலு நாளில் தோல் உரிந்து ஆறிவிடும். இந்தச் சூடு இருபது நாளாகியும் பட்ட அன்றைக்கு இருந்த மாதிரியே இருந்தது. சீழும் வைக்கவில்லை, ஆறவும் இல்லை. மூச்சு விட்டால் நெஞ்சுக்குள் விசில் அடித்தது. வாளியைத் தூக்கினால் கண் இருட்டியது. அவள் புருஷன் துளசிங்கம் சுகாதார நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போனான். துளசிங்கம் நிலையத்தின் சாம்பல் குளத்தில் ஒப்பந்தக் கூலி. பத்தொன்பது வருஷமாக மேஸ்திரி எதைச் சொன்னாலும் 'சரிங்க' என்று சொல்லியே பழகியவன், ரெஜினா உட்காரச் சொன்னதற்கும் 'சரிங்க' என்றுவிட்டு நின்றுகொண்டே இருந்தான்.

ரெஜினா ஸ்டெதாஸ்கோப் குழலை நெஞ்சில் வைத்து ரொம்ப நேரம் கேட்டாள். "நாலு துடிப்புக்கு ஒண்ணு விட்டுப்போகுதுக்கா."

"அவுங்க போனதுனாலயா சிஸ்டர்?"

"அதனாலதான். கிருமி வந்தா சண்டை போடுறவங்கன்னுதான் எங்களுக்குப் பாடத்துல சொல்லிக்கொடுத்தாங்க. சண்டையெல்லாம் எப்பவாவது ஒருநாள்தான்க்கா. மத்த நாள் பூரா அவங்க வீட்டு வேலை செய்யறவங்க. நுரையீரல்ல தூசி எடுக்கணும், செத்த ரத்தத்தை அப்புறப்படுத்தணும், சூடு பட்ட இடத்துல பழசை எடுத்துட்டுப் புதுத்தோலுக்கு ஆள் கூப்பிடணும். அந்தக் கடிகாரத்துல கைகோத்துக்கிட்டு நிக்கிறாங்கல்ல? உங்க இதயத்துலயும் அப்படி நின்னுதான் துடிப்பைக் கைமாத்தி விட்டுக்கிட்டு இருந்தாங்க. அதுல பாதிப்பேர் நீங்க உங்கம்மா வயித்துல இருந்தப்பவே வந்து குடியேறினவங்க. வெளிய ஆள் வச்சு ஈடுகட்ட முடியாது."

"திரும்பி வரலன்னா?"

ரெஜினா குழலைச் சுருட்டிப் பைக்குள் வைத்தாள். "ஒரு வாரம் தாங்கும். மேல என்னால சொல்ல முடியல."

பூங்காவனம் அன்று மத்தியானமே தெருவில் உட்கார்ந்து கூப்பிட்டுப் பார்த்தாள். வாங்கடி வீட்டுக்கு என்று கெஞ்சினாள், வரப்போறீங்களா இல்லையா என்று அதட்டினாள், தரையில் உள்ளங்கையை விரித்து வைத்துக் காத்திருந்தாள். அவர்களுக்கும் ஆசை இருந்தது. உருண்டு உருண்டு கைக்குப் பக்கத்தில் வந்தார்கள், ஒருத்தி சுண்டுவிரல்மேல் ஏறிக்கூட விட்டாள். அதற்குள் பக்கத்துக் கூரையிலிருந்து ஒரு பிடி சாம்பல் சரிந்து விழுந்தது, அத்தனைபேரும் திரும்பி அதை நோக்கிப் போய்விட்டார்கள். தெரு சுத்தமாகாமல் அவர்கள் வீடு திரும்பமாட்டார்கள் என்று அவளுக்குப் புரிந்தது. ஆணியில் தொங்கிய துடைப்பத்தைத் திரும்பிப் பார்த்தாள். பூங்காவனத்துக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

மறுநாள் காலை பத்து மணிக்குத் தண்ணீர்த் தொட்டியடியில் தெருவைக் கூட்டினாள். துடைப்பக் கழியை ஊன்றிக்கொண்டு, பத்தடிக்கு ஒருமுறை நின்று, நடந்தே வந்தாள். சொல்ல வேண்டியதைச் சொன்னாள்: எனக்கு என் ஆட்கள் வேண்டும், தெரு சுத்தமானால்தான் வருவார்கள், துடைப்பத்தை வாங்கிக்கொள்ளுங்கள்.

எல்லம்மாதான் முதலில் வாயைத் திறந்தாள். அவள் கெட்டவள் இல்லை, அவள் மகளுக்கு அப்போது ஒன்பதாம் மாதம். "உன் கஷ்டம் தெரியுதுக்கா. ஆனா அவுங்க உள்ள பூட்டாங்கன்னா எங்க கதி இன்னா? முன்ன மாதிரியா, நாலு மடங்கு கொட்டுது. ஒத்தத் தொடப்பத்த வச்சிகினு இன்னா பண்றது? என் பொண்ணு எத மூச்சா இழுப்பா?"

"அப்போ நான் செத்துட்டா?"

"அப்டிச் சொல்லாதக்கா."

"நீதான் சொல்ற, நான் திருப்பிச் சொல்றேன்." பூங்காவனம் மூச்சு வாங்கிக்கொண்டாள். "என் நெஞ்சுல மட்டுந்தான் ஆள் கீறாங்கன்னு நெனச்சிகினு கீறீங்களா? ஒவ்வொருத்தருக்குள்ளயும் கீறாங்க. நீ இழுக்கற மூச்சுல வர்ற சாம்பல இந்த நிமிஷம் வரைக்கும் துன்னுகினு கீறாங்க, அதனாலதான் நீ இங்க நின்னுகினு என்ன எதுத்துப் பேசற. உன் பொண்ணு வயித்துல கீதே, அதுக்குள்ளயும் இந்நேரம் வந்து குடியேறிட்டு இருப்பாங்க. உள்ள பெருக்கறது அவுங்க வேலை. தெருவப் பெருக்கறது நம்ம வேலை. அந்தப் பொகைக்கூண்டுக்காரன் அவன் வேலைய நம்ம தலைல கட்டினான், இருபத்திரெண்டு வருசம் மரியாதையா முறை வச்சிப் பெருக்குனோம். அப்புறம் நம்ம வேலைய நாம அவுங்க தலைல கட்டினோம். அவன் இன்னா பண்ணான்? ஆகா, இன்னும் ஆள் கீதுடான்னு நாலாவதையும் தொறந்துட்டான்."

அந்த நேரம் பார்த்துத் திருவேங்கடம் வந்து சேர்ந்தார். கையில் ஒரு கோப்பும், அதற்குள் இரண்டு காகிதங்களும் இருந்தன. இரைந்து பேசத் தெரியாத மனுஷர், தண்ணீர்த் தொட்டி நிழலில் நின்று தணிவாகத்தான் பேசினார். "இங்க பாருங்கம்மா, உங்க உடம்பு எங்களுக்கும் முக்கியம். எங்க ஆஸ்பத்திரியில மிஷின் வச்சு உங்க இதயத்தை ஓட்டலாம். நீங்க ஒண்ணே ஒண்ணு செய்யணும், இந்த வெள்ளச்சிங்க இங்கேயே தெருவுல இருக்க உங்களுக்குச் சம்மதம்னு ஒரு கையெழுத்து. இன்னொரு காகிதம் உங்க வீட்டுக்காரருக்கு. துளசிங்கம், பத்தொன்பது வருஷமா நீ கேட்டுக்கிட்டு இருந்த நிரந்தர வேலை ஆர்டர். உன் வீட்டம்மாவைக் கையெழுத்துப் போடச் சொல்லு. சரியா?"

தெருவே துளசிங்கத்தைப் பார்த்தது. அவன் வாயிலிருந்து என்ன வரும் என்று எல்லோருக்கும் தெரியும். பூங்காவனத்துக்கும் தெரியும், அதனால் அவள் அவன் பக்கம் திரும்பவில்லை. துளசிங்கம் அந்தக் காகிதத்தை இரண்டு கையாலும் வாங்கினான், தன் பேர் சரியாக அடிக்கப்பட்டிருக்கிறதா என்று படித்துப் பார்த்தான், நாலாக மடித்தான், திருவேங்கடத்தின் சட்டைப் பாக்கெட்டில், பூங்காவனம் இஸ்திரி போட்ட அந்த மடிப்புக் கலையாமல், வைத்தான்.

"இல்லீங்க" என்றான்.

சொல்லிவிட்டு அவனே கொஞ்சம் பயந்துபோனான். பத்தொன்பது வருஷத்தில் அந்த வார்த்தை அவன் வாயில் எப்படி இருக்கும் என்று அவனுக்கே தெரியாது. இன்னொரு தடவை, இந்தத் தடவை தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி, "இல்லீங்க சார், முடியாது" என்றான். பூங்காவனம் அவனைத் திரும்பிப் பார்த்தாள். அந்த நேரத்தில் அவள் இதயம் ஒன்றல்ல, இரண்டு துடிப்பை விட்டது, கழி கையிலிருந்து நழுவியது, அவள் அப்படியே தொட்டிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

துடைப்பம் தரையில் விழும் முன்னால் எல்லம்மா பிடித்தாள். பிடித்தபின் கையில் இருப்பதைப் பார்த்தாள், மாட்டியதை மறுக்கக்கூடாது என்பது ஞாபகம் வந்திருக்க வேண்டும், சேலையை இழுத்துச் செருகினாள். "ஒத்தத் தொடப்பம் ஆவாது. வூட்டுக்கு ஒண்ணு எடுத்துகினு வாங்கடி!" என்று அவள் போட்ட சத்தம் கடல்வரைக்கும் கேட்டது.

ஆலாக்குப்பம் அன்றைக்குத்தான் முதல்முறையாக முறை இல்லாமல் பெருக்கியது. நாற்பத்துமூன்று வீட்டிலிருந்தும் நாற்பத்துமூன்று துடைப்பம் வந்தது, துடைப்பம் கிடைக்காதவர்கள் முறத்தோடு வந்தார்கள், முறம் இல்லாதவர்கள் தென்னை மட்டையோடு வந்தார்கள், கூரைமேல் ஏறித் தட்டினார்கள், மரத்தை உலுக்கினார்கள், படகுகளைக் கவிழ்த்துக் கொட்டினார்கள், குடத்தைக் கழுவினார்கள், குழம்புச்சட்டியைக் கழுவினார்கள், சாமி படத்தைத் துடைத்தார்கள், எல்லம்மாவின் நிறைமாத மகள் உட்கார்ந்த இடத்திலிருந்தே தண்ணீர் தெளித்தாள், பெருக்கிய சாம்பல் தெருக்கோடியில் ஆள் உயரத்துக்குக் குவிந்தது. பார்த்தால் குழி எப்போதோ நிரம்பியிருந்தது. எங்கே கொட்டுவது என்று ஒருவரும் கேட்கவில்லை. துளசிங்கம் முதல் கூடையைத் தலையில் தூக்கிக்கொண்டு மேற்கே நடந்தான், ஊர் அவன் பின்னால் நடந்தது.

கொண்டுபோய் நிலையத்தின் வாசலில் கொட்டினார்கள். போவதும் வருவதும் கொட்டுவதுமாக, மீன் கூடையில், சேலை முந்தானையில், குழந்தையைக் குளிப்பாட்டுகிற அண்டாவில், அன்று பகல் முழுக்க ஒரு வரிசை போனது, ஒரு வரிசை வந்தது. மாலைக்குள் சாம்பல் கேட்டின் பாதி உயரத்துக்கு வந்துவிட்டது. கரி ஏற்றி வந்த லாரிகள் சாலையோடு நின்றன. சாம்பல் குளத்து ஒப்பந்த ஆட்கள் துளசிங்கத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போகாமல் கூடை கேட்டார்கள். திருவேங்கடம் கேட்டுக்கு உள்ளே ஒரு நாற்காலிமேல் ஏறி நின்று இது சட்டவிரோதம் என்றார்.

பூங்காவனத்தை அவளுடைய இஸ்திரி வண்டிமேலேயே உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டு வந்திருந்தார்கள். அவள் குரல் சன்னமாகத்தான் வந்தது, ஆனால் கூடைகள் நின்றதால் எல்லோருக்கும் கேட்டது.

"உங்க சாமான்தான் சார். எங்க தெருவுல கெடந்துச்சி. எடுத்தாந்து குடுக்கறோம்."

இரண்டாம் நாளும் கொட்டினார்கள். மூன்றாம் நாள் காலை உள்ளே கரி தீர்ந்து, நாலாவது புகைபோக்கி முதலில் நின்றது, பிறகு மற்றவை ஒவ்வொன்றாக நின்றன, நிலக்காற்று வீசியது, வெறும் காற்றாக வீசியது. ஆலாக்குப்பத்தில் இருபது வயதுக்கு உட்பட்ட யாரும் அப்படி ஒரு காற்றை முகர்ந்ததில்லை, இது என்ன வாசனை என்று கேட்டார்கள். உப்பு என்று பெரியவர்கள் சொன்னார்கள்.

பூங்காவனம் வீட்டு வாசலில் கால் நீட்டிப் படுத்திருந்தாள். கையில் ரெஜினா விரலை வைத்து எண்ணிக்கொண்டிருந்தாள், இரண்டுக்கு ஒன்று விட்டுப்போனது. தெரு முழுக்க வெள்ளச்சிகள் நின்றிருந்தார்கள், செய்ய ஒன்றும் இல்லாமல், கைகளை உள்ளே இழுத்துக்கொண்டு. தின்ற சாம்பலைக் கடல் ஓரமாகப் போய்க் கக்கிவிட்டு வந்திருந்தார்கள், பழையபடி ஜவ்வரிசி அளவுக்கு இளைத்திருந்தார்கள். பிறகு ஒருத்தி நகர்ந்தாள். அவளுக்குப் பின்னால் அத்தனைபேரும் வரிசையாக வந்தார்கள். கடிகாரத்திலிருந்து பதினோரு பேரும் இறங்கி வந்தார்கள், எல்லோருமாகப் பூங்காவனத்தின் கன்னத்தில் ஏறி, கண்ணோரமாக உள்ளே போனார்கள். சங்கக் கட்டடத்தில் கடிகாரம் நின்றது. ரெஜினாவின் விரலடியில் விட்டுப்போன துடிப்பு வந்தது, அடுத்ததும் வந்தது, அதற்கடுத்ததும் வந்தது, ரெஜினா எண்ணுவதை நிறுத்திவிட்டு அழுதாள். துளசிங்கம் எதற்கோ "சரிங்க, சரிங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தான்.

கடைசி ஆள் உள்ளே போனதும் பூங்காவனம் எழுந்து உட்கார்ந்தாள், ஒரு செம்புத் தண்ணீர் குடித்தாள். பெருக்கி முடித்தாயிற்று, முறை மாற்றவில்லையே என்று கேட்டாள். அடுத்த வீடு என்னுடையது என்று எல்லம்மா கையை நீட்டினாள். வேலை முடிந்து தன் வீட்டு ஆணிக்கே திரும்பியிருந்த துடைப்பத்தைப் பூங்காவனம் கொடுக்கவில்லை. அதைத் தோளில் போட்டுக்கொண்டு, நின்று நின்று, மேற்கே நடந்துபோய், நிலையத்தின் கேட்டில் பெயர்ப்பலகை மாட்டிய பெரிய ஆணியில் மாட்டினாள்.

அங்கேயே அது பதினாலு நாள் தொங்கியது. காவலாளிகள் தொடவில்லை, அவர்களும் ஆலாக்குப்பத்துக்காரர்கள்தான். முறைக்காரர் பெருக்காமல் துடைப்பம் நகராது. கரி லாரி உள்ளே போக வழிவிட்டார்கள், ஆனால் காலையில் தெருவில் என்ன விழுகிறதோ அது பத்து மணிக்குள் கேட்டுக்கு வந்துவிடும், கணக்காக, ஒரு கூடை குறையாமல். ஐந்தாம் நாள் நாலாவது புகைபோக்கிக்கு மூடி போட்டார்கள். ஒன்பதாம் நாள் பழுது பார்க்கப் போன வடிகட்டிகள் பழுதே பார்க்கப்படாமல் திரும்பி வந்தன. பதினாலாம் நாள் தலைநகரத்திலிருந்து பெரிய அதிகாரிகள் வரப்போவதாகத் தகவல் வந்தது. அன்று காலை திருவேங்கடம் இஸ்திரி வண்டியடிக்கு நடந்தே வந்தார்.

"அம்மா, எல்லாம் நீங்க கேட்ட மாதிரியே செஞ்சாச்சு. அந்தத் துடைப்பத்தை மட்டும் எடுத்துடுங்களேன். பாக்கறவங்க என்ன நினைப்பாங்க?"

பூங்காவனம் அவருடைய சட்டைக்குத்தான் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். முழங்கையில் சூடு பட்ட இடத்தில் புதுத்தோல் வெளிறிய ரோஜா நிறத்தில் வந்திருந்தது. "நான் எடுக்க முடியாது சார். முறை உங்களுது. பெருக்கி முடிச்சுட்டு, அடுத்த வூட்ல மாட்டிடுங்க. அது எல்லம்மா வூடு."

அவர் தெருவை ஒருமுறை பார்த்தார். தெருவில் யாரும் சிரிக்கவில்லை, யாரும் ஒதுங்கவும் இல்லை, எல்லம்மா மட்டும் பிறந்து நாலு நாளான பேரக்குழந்தையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டாள். பிறகு அவர் திரும்பி நடந்துபோய், கேட்டடியில் எக்கி, ஆணியிலிருந்து துடைப்பத்தை எடுத்தார், பிடிக்கத் தெரியாமல் பிடித்துக்கொண்டு தெருவின் மேற்கு முனைக்கு வந்து முதல் வீச்சு வீசினார், சாம்பல் புகையாகக் கிளம்பி அவர் முகத்துக்கே வந்தது. இருமினார். இருமி முடித்துப் பிடிவாதமாக மறுபடி வீசினார், மறுபடி இருமினார்.

பூங்காவனம் இஸ்திரிப் பெட்டியைக் கல்மேல் வைத்தாள். விலா எலும்புக்குள் யாரோ ஒருத்தி புரண்டு படுத்ததை உணர்ந்தாள். வாளியை எடுத்துக்கொண்டு போய் அவர் காலடியில் வைத்தாள்.

"தண்ணி தெளிச்சிட்டுப் பெருக்குங்க சார்" என்றாள். "உங்க நெஞ்சுலயும் அவுங்க கீறாங்க. பாவம், எவ்ளோதான் துன்னுவாங்க."